நூற்றுக்கு இரண்டு போதுமா?

பள்ளிக்கூடத்துக்கு ஒரு கட்டடம் கட்டித் தருகிறது ஒரு கம்பெனி. வாசலில் பெயர்ப் பலகை. திறப்பு விழாவுக்கு மேளதாளம். மறுநாள் ஏடுகளில் படம். "பாரீர் எங்கள் சமுதாயத் தொண்டை!" என்று பூரிக்கின்றனர் முதலாளிமார். கட்டடம் வந்ததில் நமக்கும் மகிழ்ச்சிதான். ஏழைப் பிள்ளைகள் நிழலில் உட்கார்ந்து படிப்பதை யார் வேண்டாம் என்பார்? ஆனால், அதைத் தானம் என்று சொல்லும்போதுதான் நாம் குறுக்கிட வேண்டியிருக்கிறது.

தானமல்ல தோழர்களே, சட்டம்! 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, 2014 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் நிகர இலாபமோ, 1,000 கோடி விற்பனை வரவோ, 500 கோடி நிகர மதிப்போ உள்ள கம்பெனி, முந்திய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது அதன் கட்டளை. அந்த இரண்டை நாம் வரவேற்கிறோம். மீதித் தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்று கேட்கவும் நமக்கு உரிமை உண்டு.

ஏன் கேட்கிறோம்? போபாலை மறக்க முடியுமா? 1984 டிசம்பர் 2-ம் நாள் நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் என்னும் நச்சுவாயு ஊருக்குள் பரவியது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அந்த நஞ்சைக் குளிர்ச்சியாக வைத்திருக்க ஓர் இயந்திரம் இருந்தது. மாதக் கணக்கில் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்க ஒரு கோபுரம் இருந்தது. அதுவும் அன்று வேலை செய்யவில்லை. ஆட்களையும் குறைத்திருந்தார்கள். கேட்டால், சிக்கனமாம்! மிச்சம் கம்பெனிக்கு, மரணம் ஊருக்கு.

1989-ல் 47 கோடி டாலரோடு கணக்குத் தீர்ந்தது என்றார்கள். தீர்ந்ததா? அந்த ஆலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவை எரிப்பதற்காக ஏற்றிச் சென்றது 2025 ஜனவரியில்! நாற்பதாண்டு கழித்து! அந்தச் செலவையும் கம்பெனி ஏற்கவில்லை. அரசுப் பணம், அதாவது, உழைப்பவன் கட்டிய வரிப் பணம்.

ஆபத்தான தொழில் நடத்துவோர், அதனால் விளையும் கேட்டுக்கு விதிவிலக்கின்றிப் பொறுப்பு என்று, டில்லி ஆலை ஒன்றின் வாயுக் கசிவு வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொறுப்பு என்பது இதுதான். இலாபத்தைப் பங்கிடும்போது தொடங்குவதல்ல அது. இலாபத்தை ஈட்டும்போதே தொடங்குவது.

இன்னொன்றையும் கவனியுங்கள். கம்பெனி தன் தொழிலாளர்களுக்காகச் செய்யும் செலவை இந்த நூற்றுக்கு இரண்டில் சேர்க்கக் கூடாது என்கிறது விதி. நாம் அதற்குக் கொள்ளும் பொருள் ஒன்றே: தொழிலாளியின் நலம் தர்மக் கணக்கில் வராது, அது கடமைக் கணக்கு!

ஆகவே தோழர்களே, அடுத்த திறப்பு விழாவுக்குப் போங்கள், கை தட்டுங்கள். தட்டிய பிறகு கேளுங்கள்: ஆலையில் அபாயச் சங்கு ஒலிக்கிறதா? கழிவு நீர் எங்கே போகிறது? கான்டிராக்ட் தொழிலாளிக்குக் கையுறை உண்டா? பதில் வரும்வரை கேளுங்கள். வாசலில் பலகை பிறகு. உள்ளே உயிருக்குப் பாதுகாப்பு முதலில்!