ஏலத் தரகு: வீதமும் அடித்தொகையும்

இணைய ஏலச் சந்தையிலே சிறு விற்பனையாளனும் பெருவணிகனும் ஒரே நிரையில் நிற்கின்றனர் என்பது அச்சந்தையை நடத்துவோரின் கூற்று. இதன் உண்மையை அறிய விளம்பரங்களைப் படிப்பதிற் பயனில்லை. தரகு எத்தொகையின் மீது கணிக்கப்படுகின்றது என்பதை நோக்கினாற் போதும்.

1995 இல் தொடங்கிய ஈபே நிறுவனம் ஐக்கிய அமெரிக்காவில் 2024 பெப்ரவரியில் நடைமுறைப்படுத்திய விதிப்படி, பெரும்பாலான பொருள்வகைகளுக்குச் சாதாரண விற்பனையாளன் செலுத்த வேண்டியிருந்தது 13.25 சதவீதம். பத்து டொலருக்கு மேற்பட்ட ஒவ்வொரு கட்டளைக்கும் 40 சதம் வேறு. ஒருவன் பழைய பொம்மையொன்றைப் 10 டொலருக்கு விற்கிறான். தபாற் செலவு 5 டொலர், விற்பனை வரி 1 டொலர் எனக் கொள்வோம். தரகு 10 டொலருக்கன்று, 16 டொலருக்கே கணிக்கப்படும். 2 டொலர் 12 சதத்துடன் அந்த 40 சதமுஞ் சேர, 2 டொலர் 52 சதம் ஆகின்றது. பொருளின் விலையோடு ஒப்பிடின் இது காற்பங்கிலும் சற்று அதிகம். பதின்மூன்று என்று பெயர், இருபத்தைந்து என்று பற்று!

தபாற் செலவைச் சேர்த்தமைக்கு ஒரு நியாயம் கூறப்படுகின்றது. 2011 இற்கு முன்னர் அதன்மீது தரகு இல்லாமையால், சிலர் பொருளை ஒரு டொலருக்கு விற்றுத் தபாலுக்கு ஒன்பது டொலர் வாங்கினர். இது மெய்யே, மறுப்பதற்கில்லை. ஆயின், வரியின் மீது தரகு அறவிடுவதற்கு என்ன நியாயம்? வரிக்குள் விலையை ஒளிக்க எவனாலும் இயலாது. வரியைப் பெற்று அரசுக்குச் செலுத்துவதும் அந்நிறுவனமே. விற்பனையாளனின் கைக்கே வராத பணத்துக்கு அவன் தரகு கொடுக்கிறான்.

கொடுப்பனவுச் சேவையின் கதையும் இதுவே. பேபாலை ஈபே 2002 இல் 150 கோடி டொலருக்கு வாங்கி, 2015 வரை தன்வசம் வைத்திருந்தது. பேபாலின் வழமையான உள்நாட்டு வீதம் நெடுங்காலம் 2.9 சதவீதமும் 30 சதமும் ஆக இருந்தது. 500 டொலர் பெறுபவனுக்கு இது மூன்று சதவீதத்துக்கும் குறைவு. 5 டொலர் பெறுபவனுக்கோ ஏறத்தாழ ஒன்பது. சிறுதொகைகளுக்கெனத் தனிவீதம் ஒன்று இருந்ததுண்டு. அது விண்ணப்பித்தோருக்கே கிட்டியது. 2019 முதல், வாங்கியவனுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் விற்றவன் செலுத்திய கட்டணம் திரும்புவதில்லை.

விருப்பமில்லாதோர் விலகட்டும் என்பர் சிலர். 2008 இல் ஐக்கிய அமெரிக்காவிலே பெரும்பாலான ஈபே விற்பனைகளுக்குக் காசோலையும் காசுக்கட்டளையும் தடுக்கப்பட்டதை இவர்கள் மறந்தனர் போலும். மாற்றுவழியை அடைத்தபின் விருப்பத்தைப் பற்றிப் பேசுவது வேடிக்கை.

பிரித்தானியாவிலே தனியார் விற்பனையாளருக்கான தரகு 2024 ஒக்டோபரில் நீக்கப்பட்டபோது பலர் மகிழ்ந்தனர். 2025 பெப்ரவரியில் வாங்குபவர் பாதுகாப்புக் கட்டணம் என்னும் பெயரில் ஒரு தொகை விலையோடு சேர்க்கப்பட்டது. அதிலும் பொருளொன்றுக்கு 75 பென்ஸ் என்னும் நிலைத்தொகை இருந்தது.