பூணும் தகடும்

பொங்கலுக்கு வந்த அக்கா மகன் ஒரு சமையல் கத்தி கொண்டுவந்தான். கையால் அடித்த கத்தி, இணையத்தில் வாங்கியது. எல்லார் கண்ணும் போனது அதன் பிடி மேலதான். பித்தளைத் தகடு, மரம், செம்புத் தகடு, மாட்டுக்கொம்பு, மறுபடி பித்தளை, மறுபடி மரம்னு வரிவரியா நகை மாதிரி இருந்தது. "இந்தத் தகட்டுக்கு ஸ்பேசர்னு பேரு மாமா. அழகுக்கு வைக்கிறது" என்றான்.

அந்தக் கத்தியால் பரங்கிக்காய் வெட்டினது நான். அலகு காய்க்குள்ள இறுகி நின்னுடுச்சு. அசைத்து இழுத்தேன். பிடி தனியா கையோட வந்துடுச்சு. காயைப் பிடித்திருந்த இடது கை வழுக்கி அலகு மேல பட்டு, ஆள்காட்டி விரலில் ரெண்டு தையல்.

இதைப் படிச்சதும் 'அலங்காரமெல்லாம் வீண்'னு நான் சொல்லப்போறதா நினைப்பீங்க. அது இல்லை. அலங்காரம் நம்ம ஊருக்குப் புதுசா என்ன? மாட்டுக் கொம்புக்கே பித்தளைக் குப்பி மாட்டுறவங்க நாம. நான் சொல்ல வர்றது வேற.

அரிவாள் பிடியின் கழுத்தில் ஒரு வளையம் இருக்குமே, அதுக்குப் பேரு பூண். உலக்கை நுனியிலும் இருக்கும். பார்க்க லட்சணமா இருக்கும். ஆனா அது அங்க இருக்கிறது லட்சணத்துக்காக இல்லை. அரிவாளின் வால் பகுதியைப் பிடிக்குள்ள அடித்து இறக்கும்போதும், பிறகு கட்டையில் ஓங்கி வெட்டும்போதும் மரம் பிளக்கப் பார்க்கும். பிளக்கவிடாம இறுக்கிப் பிடிச்சிருக்கிறது அந்த வளையம்தான். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைக் காய்ச்சி மாட்டித் தண்ணி ஊத்துவாங்க. ஆறினதும் இரும்பு சுருங்கி மொத்த மரத்தையும் கவ்விக்கும். பூணும் அந்தச் சாதிதான். மரத்தை வெளியிலிருந்து பிடிக்கும்.

ஸ்பேசர் அப்படி இல்லை. மரத்தை ரெண்டா அறுத்து நடுவில் வைக்கிற தகடு. அது எதையும் பிடிக்காது. அதைத்தான் வேற ஒண்ணு பிடிக்கணும். அக்கா மகன் கத்தியின் பிடியில் ஆறு துண்டு, அஞ்சு ஒட்டு. ஒவ்வொரு தகடு கூடும்போதும் பிரியக்கூடிய இடம் ஒண்ணு கூடுது.

கையில் கட்டோட எங்க ஊர் ஆசாரியிடம் கொண்டுபோனேன். ஒவ்வொரு துண்டா கழற்றிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி தேய்ச்சு ஒட்டியிருக்காங்க தம்பி. பசை எதைப் பிடிச்சு நிக்கும்? வாலும் ஒன்றரை அங்குலம்தான் உள்ள போயிருக்கு."

அவர் செய்ததைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். தகட்டின் ரெண்டு முகத்தையும் முரட்டு உப்புத்தாளில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறினார். ஒவ்வொரு தகட்டிலும் நாலு சின்ன ஓட்டை போட்டார். பசை அந்த ஓட்டை வழியா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் ஆணி மாதிரி இறுகிக்குமாம். எண்ணெய்ப் பிசுக்கு போக தின்னரில் துடைத்த பிறகு தகட்டு முகத்தில் விரலே வைக்கலை. வாலோட ஒரு கம்பியைப் பற்றவைத்து நீட்டி, எல்லாத் துண்டையும் அதில் கோத்து, கடைசியில் ஒரு பித்தளை வில்லையை வைத்துக் கம்பி முனையைச் சுத்தியலால் தட்டி மடக்கினார். இப்ப பசையே விட்டாலும் பிடி உருவி வராது. பின்லாந்துக்காரங்களோட பூக்கோ கத்தியிலும், பிர்ச் மரப்பட்டையை அடுக்கிச் செய்யும் பிடியை இப்படிக் கடைசியில் தட்டி இறுக்குற வழக்கம் உண்டு.

பசை காயறதுக்கு ஒரு ராத்திரி முழுக்க விட்டார். மறுநாள் தேய்க்கிற வேலை. இதில்தான் பொறுமை வேணும். மரம் சீக்கிரம் தேயும், பித்தளை மெதுவாத்தான் தேயும். அவசரப்பட்டா தகடு மேடாகவும் மரம் பள்ளமாகவும் நிக்கும். மெஷினில் அழுத்தினா தகடு சூடாகி அடியில் இருக்கிற பசை இளகிடும். அதனால கடைசித் தேய்ப்பு முழுக்க அரத்திலும் உப்புத்தாளிலும், கையாலேயே செய்தார்.

ரெண்டு நாள் கூலி கேட்டார். அக்கா மகன் போனில், "மூணு தகடு ஒட்ட இவ்வளவா மாமா?" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது அங்கதான். கத்தியை எப்படி வாங்கினேன்னு கேட்டேன். இருக்கிறதிலேயே தகடு அதிகமான கத்தியைத் தேர்ந்தெடுத்து, பேரம் பேசி விலையைக் குறைச்சு, பொங்கலுக்குள்ள வேணும்னு நாலு நாளில் வாங்கியிருக்கான். செய்தவருக்கு ஓட்டை போட நேரம் ஏது? அவர் செய்தது தப்புதான். ஆனா என் விரலில் விழுந்த தையலில் ஒண்ணு செய்தவர் கணக்கு, இன்னொண்ணு பேரம் பேசினவன் கணக்கு.

நகரத்தில் இருந்து கைவேலைக் கத்தி வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. எத்தனை தகடுன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, வால் எதுவரைக்கும் போகுதுன்னு கேளுங்க. ஆணியோ தட்டி மடக்கினதோ இருக்கா, வெறும் பசையான்னு கேளுங்க. தெளிவா பதில் சொல்றவரிடம் அவர் கேட்கிற நாளையும் கூலியையும் கொடுங்க. அது கட்டுப்படி ஆகலைன்னா தகடே இல்லாத பிடியை வாங்குங்க. அதில் ஒரு குறைச்சலும் இல்லை. வாங்கின பிறகு பாத்திரத்தோட சேர்த்துத் தண்ணியில் ஊறப்போடாதீங்க. வெயில் காலத்தில் மரம் சுருங்கி, தகட்டின் விளிம்பு ஒரு மயிரிழை விரலில் தட்டுப்படலாம். அது பழுது இல்லை. மரம் சுருங்கும், பித்தளை அதோட சேர்ந்து சுருங்காது, அவ்வளவுதான்.

அரிவாள் மட்டும் அடித்து இனி எங்க ஊர் ஆசாரி பிழைக்க முடியாது. அறுவடைக்கு மெஷின் வந்தாச்சு, கதிர் அரிவாள் கேட்டு வர்ற ஆள் குறைஞ்சாச்சு. உங்க ஆசைக்கு அவர் வைக்கிற அந்த மூணு தகடு, நாளைக்கு அவர் உலை எரிய ஒரு வழியா இருக்கலாம். அதனால தகடு கேளுங்க. அதுக்கு உண்டான கூலியோட கேளுங்க.