ஆடேசியசு: துணிவா, துடுக்கா?

ஆங்கிலத்தில் ‘ஆடேசியசு’ என்றொரு சொல் உண்டு. துணிதல் எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியில் பிறந்து, 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தது. பிறந்த மண்ணிலேயே அது இருமுகங் கொண்டது. கி.மு. 63-இல் உரோம ஆட்சியைக் கவிழ்க்கச் சூழ்ந்த காட்டிலினைச் சாடுங்கால், நாவன்மை மிக்க சிசரோ அச்சொல்லின் பெயர்வடிவையே வசையாக வீசினார். 1792-இல் பகைப்படை பாரிசை நெருங்கிய வேளையில், நாடு பிழைக்க வேண்டுவது அதுவே என்று தாந்தோன் அதன் பிரெஞ்சு வடிவை மும்முறை முழங்கினார். ஒருவர் வாயில் வசை. மற்றவர் வாயில் படைமுரசு!

ஆங்கிலேயர் இரு பொருளையும் விட்டாரில்லை. மூத்தோரை எதிர்த்துப் பேசும் சிறுவனை அச்சொல்லால் கடிவர்; போர்க்கப்பலுக்கும் அதனையே பெயராக இட்டனர். (1914-இல் அக்கப்பல் அயர்லாந்துக் கடலோரம் கண்ணிவெடியில் மூழ்கிற்று. அச்செய்தியைப் போர் முடியுமட்டும் வெளியிட அவர்கள் துணிந்தாரில்லை!)

இடம் பாராது மொழிபெயர்ப்போர் விளைக்கும் கேட்டிற்கு நம் நாளிதழ்களின் ‘துணிகரக் கொள்ளை’யே சான்று. 2025 அக்டோபர் 19-ஆம் நாள், பாரிசு இலூவர் அருங்காட்சியகத்தில், பார்வையாளர் உலவும் பகற்போழ்தில், தூக்கேணி வண்டியால் மாடியேறிய கள்வர் எட்டு மணித்துளிக்குள் அரசகுல அணிகலன்கள் எட்டினைக் கவர்ந்தோடினர். ஆங்கில இதழ்கள் அதனை ஆடேசியசு என்றன. நாணமற்ற செயல் என்னும் இழிப்பும் அச்சொல்லில் உறைகின்றது. தமிழில் ‘துணிகரம்’ என்றெழுதியதும் இழிப்பு உதிர்ந்துபோகிறது. கள்வன் கழுத்தில் மறவனுக்குரிய மாலை விழுகிறது.

துணிதல் என்பதன் முதற்பொருள் வெட்டுதல். வெட்டிய கூறு துணி, துண்டும் அவ்வழியதே. ஐயத்தை அறுத்து முடிவு காண்பது துணிவு. அஞ்சாமைப் பொருள் அதன் பின்னரே வந்தது. ஆகவே எண்ணிப் பாராத செயலைத் துணிவென்பது அச்சொல்லின் வேரையே அறுப்பதாகும். போர்க்களத்து அஞ்சாமைக்குத் தறுகண் உண்டு; திருவள்ளுவர் படைச்செருக்கில் ஆண்ட சொல் அது. பழிப்பதற்கோ துடுக்கு, திண்ணக்கம், நெஞ்சழுத்தம் எனப் பல.

ஆங்கிலம் ஒரே பையில் திணித்ததைத் தமிழ் தனித்தனியே பிரித்து வைத்திருக்கிறது. தாந்தோன் கேட்டது துணிவு. கப்பலுக்குத் தறுகண் என்றே பெயரிடலாம். எதிர்த்துப் பேசும் சிறுவனிடம் இருப்பது துடுக்கு. இலூவரில் நடந்தது நெஞ்சழுத்தக் கொள்ளை. நாளிதழ்த் தலைப்பில் அவ்வாறு அச்சிட்டால் கூடுதலாகச் செலவாவது ஓரிரண்டு எழுத்தே.