பாய்ஜோலிக்கு என்ன பயிற்சி கொடுப்பீர்கள்?

ஊழியர் ஒவ்வொருவரும் கற்றால் நிறுவனம் தானாக அறிவு பெற்றுவிடுமாம். சாலஞ்சர் விண்கலத்தை மறந்துவிட்டுப் பேசுகிறார்கள். அதன் பூஸ்டர் ராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோக்காலின் பொறியாளர் ரோஜர் பாய்ஜோலி, மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் அரிபடுவதைக் கண்டு, உயிர்ச்சேதம் நேரலாம் என 1985 ஜூலையிலேயே மேலதிகாரிக்கு எழுதினார். ஏவுவதற்கு முந்தைய இரவும், இந்தக் குளிரில் வேண்டாம் என்று சகாக்களோடு மன்றாடினார். முதலில் இசைந்த தயோக்கால் நிர்வாகம், நாசா முகம் சுளித்ததும் பல்டி அடித்தது. 1986 ஜனவரி 28இல் ஏழு பேர் மாண்டனர்.

2003இல் கொலம்பியா விண்கலம், மறுபடி ஏழு பேர். கற்கும் நிறுவனத்துக்குரிய இயல்புகள் நாசாவிடம் இல்லையென விசாரணைக் குழுவே எழுதியது. இதில் இன்னும் யாரைப் பயிற்சிக்கு அனுப்புவதாம்? பாய்ஜோலியையா?