சட்ட மாணவர் பயிற்சி: செலவை மாணவர் தலையில் கட்டாதீர்கள்

ஜூனியர் வழக்கறிஞர்களுக்கு மாதம் குறைந்தது இவ்வளவு தர வேண்டும் என்று 2024 ஜூனில் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. சென்னை, மதுரை, கோவையில் 20,000 ரூபாய், மற்ற ஊர்களில் 15,000 ரூபாய். பணம் தராமல் வேலை வாங்குவது சுரண்டல் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை ஒட்டி வந்த சுற்றறிக்கை அது. சட்ட மாணவர் சங்கம் அதை வரவேற்றது. ஆனால் அது பதிவு பெற்ற வழக்கறிஞர்களுக்கானது. அதே ஆபீசில் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் மாணவருக்கு அதில் இடமில்லை. சங்கத்தின் செயற்குழு இந்த நிலைப்பாட்டை வெளியிடக் காரணம் இதுதான்.

மாணவர் அந்த ஆபீசில் இருப்பதற்கும் விதிதான் காரணம். 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம் பயிற்சி கட்டாயம்.

பயிற்சி வேண்டாம் என்று சங்கம் சொல்லவில்லை. குறுக்கு விசாரணையில் ஒரு சாட்சி தடுமாறும் கணத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாக எந்தப் பாடநூலும் இல்லை. நல்ல சீனியரிடம் நான்கு வாரம் இருந்த மாணவருக்கு மனு எழுதும் கை வந்துவிடுகிறது. அப்படிச் சொல்லிக்கொடுப்பவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு சங்கம் நன்றி சொல்கிறது.

ஆனால் அந்த நான்கு வாரம் சென்னையில் யாரால் இருக்க முடிகிறது? உயர் நீதிமன்றத்தை ஒட்டியே இருந்த அரசு சட்டக் கல்லூரி 2018இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் போனது. முன்பு வகுப்பு முடிந்ததும் நடந்தே கோர்ட்டுக்குப் போனார்கள். இன்று பட்டரைப்பெரும்புதூர் மாணவர் பஸ் பிடித்துத் திருவள்ளூர் வந்து, அங்கிருந்து மின்சார ரயில் ஏற வேண்டும். சென்னைக் கல்லூரி மாணவருக்கே இந்தக் கதி என்றால் தர்மபுரியிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வருபவருக்கு? திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரு கட்டிலுக்கு வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, வெள்ளைச் சட்டை, கறுப்பு பேன்ட், ஷூ. மாணவிகளுக்கு அந்த மேன்ஷனும் கிடையாது. மகளிர் விடுதியில் முன்பணம் கேட்பார்கள். விடுமுறையில் கூலி வேலைக்குப் போய் அடுத்த செமஸ்டர் கட்டணம் சேர்க்கும் மாணவருக்கு அந்தக் கூலியும் போய்விடுகிறது. வக்கீல் வீட்டுப் பிள்ளைக்கு இதில் எதுவும் செலவில்லை. அப்பாவின் ஆபீஸே போதும். முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்க வந்தவரிடம் மட்டும் நுழைவுக் கட்டணம் வசூலிப்பதை வேறு எப்படிச் சொல்வது?

வேலை வாங்குவதிலும் குறைவில்லை. காலையில் காஸ் லிஸ்ட்டில் கேஸ் எத்தனையாவது என்று பார்ப்பது, ஜெராக்ஸ் கடையில் நிற்பது, நகல் பிரிவில் மனு நகலுக்குக் காத்திருப்பது, மாலையில் தம்புச்செட்டித் தெரு மாடி ஆபீசில் இ-பைலிங்குக்குப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து எண் போடுவது. கட்சிக்காரரிடம் பீஸ் வாங்கப்படும் வேலைதான் இது எல்லாம். இதைக் 'கற்றுக்கொள்கிறார்கள்' என்று சொல்லித் தட்டிக்கழிப்பதை சங்கம் ஏற்கவில்லை.

மாதம் 5,000 ரூபாய் தருவதாக 2024இல் வந்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டமும் கைகொடுக்கவில்லை. முழுநேர மாணவர் அதில் சேர முடியாது என்றே அப்போது விதி இருந்தது.

உதவித்தொகையைக் கட்டாயமாக்கினால் சிறிய ஆபீஸ்கள் மாணவரைச் சேர்க்கவே மாட்டா என்ற அச்சம் செயற்குழுவிலேயே இருந்தது. ஆகவே முழு உதவித்தொகையை சங்கம் தற்போதைக்குக் கொள்கையளவில் மட்டுமே கோருகிறது. பயணச் செலவும் மதியச் சாப்பாடும் அப்படியல்ல; எந்த ஆபீசானாலும் அவற்றைத் தந்தாக வேண்டும். பயிற்சி வாரங்களில் சென்னை, மதுரை அரசு விடுதிகளில் சட்ட மாணவருக்கு இடம் ஒதுக்குமாறு அரசையும், சுற்றறிக்கையை மாணவருக்கும் விரிவாக்குவது பற்றிப் பேச நாள் குறிக்குமாறு பார் கவுன்சிலையும் சங்கம் கேட்கிறது. பேச்சுவார்த்தைக்குக் கணக்கு வேண்டும் என்பதால், பயிற்சி டயரியில் வழக்கு எண்ணுக்குப் பக்கத்திலேயே அன்றைய பஸ், ரயில், சாப்பாட்டுச் செலவையும் உறுப்பினர்கள் எழுதி வர வேண்டும்.