பெயருக்குக் காவல் உண்டு. பெயர் ஈட்டித் தந்தோர்க்கு?

வீட்டுக்குப் பூட்டு இடுகிறோம். நிலத்துக்கு உறுதி முடிக்கிறோம். பெயருக்கு மட்டும் காவல் தேடாது இருந்துவிடுகிறோம். இன்றைய வாணிப உலகில் பெயரே பெருஞ் சொத்து என்பதற்குச் சான்று தேடி நாம் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் நம் மக்கள் கொய்கின்ற கொழுந்து, உலகச் சந்தையில் இலையாக மட்டுமா விலைபோகின்றது? 'சிலோன் தேயிலை' என்னும் பெயராலும் அன்றோ விலைபோகின்றது!

1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய பயிர் அது. 1972இல் 'சிலோன்' என்னும் நாட்டுப் பெயர் அகன்றது. தேயிலையின் பெயரோ அகலவில்லை. நூறாண்டு உழைப்பால் ஈட்டிய நம்பிக்கை அச்சொல்லில் ஏறியிருந்ததே காரணம். நிலம் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயிற்று. 1992இல் தோட்டங்களின் நிருவாகம் கம்பனிகளின் கைக்குச் சென்றது. கைகள் மாறின, பெயர் நிலைத்தது.

அப்பெயரின் காவலாக நிற்பது, வாளேந்திய சிங்க இலச்சினை. இலங்கைத் தேயிலைச் சபை அதன் உடைமையாளர். பல நாடுகளில் அதனைப் பதிவு செய்திருக்கின்றது. கலப்பற்ற இலங்கைத் தேயிலையாக, இந்நாட்டிலேயே பொதி செய்யப்பட்டதாக, சபை விதித்த தரத்துக்கு அமைந்ததாக இருந்தாலன்றி எப்பெட்டியும் அச்சிங்கத்தைத் தாங்கலாகாது. இது நல்ல ஏற்பாடு. இதனை நாம் வரவேற்கிறோம்.

ஆயினும் சட்டப் புத்தகத்தைப் புரட்டும்போது ஓர் உண்மை நம் நெஞ்சை உறுத்துகின்றது. வர்த்தகக் குறிகளையும் புவியியல் குறிகாட்டிகளையும் இன்று காக்கின்ற புலமைச் சொத்துச் சட்டம், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம். அதற்கு முந்திய 35ஆம் இலக்கச் சட்டம் யாது? எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை வழங்கிய சட்டம்! 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் பறித்ததை முற்றாக மீட்க 55 ஆண்டுகள் சென்றன. இலை எந்நாட்டதென்று உலகெங்கும் சான்று பகர்ந்த அரசு, இலையைக் கொய்தவர் எந்நாட்டவரென்று சொல்ல அத்தனை காலம் தயங்கிற்று.

குடியுரிமை வந்தது; பெயரின் பயனிற் பங்கு வந்ததா? 1000 ரூபா நாட்சம்பளம் 2021இல் வர்த்தமானியில் வெளிவந்தபோது, தோட்டக் கம்பனிகள் அதனை எதிர்த்து நீதிமன்றம் ஏறியதை நாடறியும். தார்ஜிலிங் தேயிலையின் இலச்சினையிலே கொழுந்தேந்திய பெண்ணின் முகம் இருக்கின்றது. ஆனால் முகத்தைப் பொறித்தால் மட்டும் வயிறு நிறையுமா? நாம் கேட்பது படமன்று, பங்கு.

வர்த்தகக் குறி வேறு, கூலி வேறு என்பார் சிலர். அஃது சட்டத்தை அறியாதார் கூற்று. இலச்சினைக்கு உடையவர், அதனைப் பயன்படுத்துவோர்க்கு நிபந்தனை விதிக்க உரித்துடையவர். கலப்பு இருத்தலாகாது என்று விதிக்க இயலுமாயின், சட்டம் நிர்ணயித்த கூலியைக் கொடுத்த தோட்டத்தின் இலையாக இருத்தல் வேண்டும் என்று விதிக்க ஏன் இயலாது? புவியியல் குறிகாட்டிகளுக்குப் பதிவேடு திறக்க 2022இல் திருத்தச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டிலேயே 'சிலோன் கறுவா' ஐரோப்பிய ஒன்றியத்தின் பதிவைப் பெற்றது. நுவரெலியா, திம்புள்ள, ஊவா என்னும் பெயர்களுக்கு விதிமுறை வகுக்கும் எந்த மேசையிலும் தொழிற்சங்கங்களுக்கும் சிறுதோட்ட உடைமையாளருக்கும் ஆசனம் வேண்டும். நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதியை விளைவிப்போர் அச்சிறு உடைமையாளரே என்பதை மறத்தலாகாது.

அரசை நோக்கிக் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. தம் நிலத்துத் தேயிலையைத் தாமே பொதி செய்து விற்க முனையும் விவசாயிகளும், மலையகத்தின் குரலை வலையொலியாக உலகுக்கு அனுப்பும் இளைஞரும் ஒன்றை உணர வேண்டும். பெயர் பரவிய பின் பதிவுக்கு ஓடுவது, வெள்ளம் வந்தபின் அணை கட்டுவதாகும். வெறும் ஊர்ப்பெயரையோ பொருளின் பெயரையோ தனியொருவர் குறியாகப் பதிதல் இயலாது. தனித்து விளங்கும் பெயரைத் தேர்க. அதனைப் பிறர் முன்னரே பதிந்துள்ளனரா என்று தேடுக. தேயிலைக்கு 30ஆம் வகுப்பிலும், வலையொலிக்கு 41ஆம் வகுப்பிலும் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க. பதிவு 10 ஆண்டு செல்லும், பின்னர் புதுப்பிக்கலாம். இங்கே செய்த பதிவு இந்நாட்டுக்கே செல்லும். ஏற்றுமதி செய்வோர், விற்கும் நாட்டிலும் காவல் தேடுதல் வேண்டும். பலர் கூடி நடத்தும் முயற்சியாயின், பெயர் யாருக்கு உரியது என்பதை நட்பு நிலவும் நாளிலேயே எழுத்தில் வைத்துக்கொள்க.

நம் சட்டத்தரணிகள் மாதம் ஒரு நாளேனும் தோட்டப் பாடசாலைகளில் அமர்ந்து, இவ்விண்ணப்பங்களைக் கட்டணமின்றி எழுதிக் கொடுப்பார்களாக. பிறர் பெயருக்குப் பெருமை ஈட்டித் தந்த மக்கள், இனித் தம் பெயரில் ஒன்றேனும் உடையராகட்டும்!