விறாந்தையில் படுத்தால் குற்றமா?

பெருநாளைக்கு முன் கடை விறாந்தைகளில் படுப்பவர்களைப் பொலிஸைக் கொண்டு அகற்ற வேண்டுமாம். அதற்குச் சட்டமும் இருக்கிறதாம்.

இருக்கிறதுதான். 1841இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். பிழைக்க வழியில்லாதவர் அனுமதியின்றி அடுத்தவர் விறாந்தையில் தங்கினால் தண்டம், அல்லது 14 நாள் வரை சிறை. 15ஆம் நாள் எங்கே போவார்? அதே விறாந்தைக்குத்தான்.

வீடில்லாத ஸஹாபாக்கள் மஸ்ஜிதுந் நபவியின் திண்ணையில்தான் தங்கினார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அங்கிருந்தவரே. வகுப்பில் இதைப் படிப்பித்துவிட்டு, வெளியே வந்து முறைப்பாட்டில் கையொப்பம் வைக்க என்னால் முடியாது.

காலையில் விறாந்தை கழுவும் கடைக்காரரின் கஷ்டமும் உண்மைதான். அதற்குத் தீர்வு சிறையல்ல. இரவில் படுக்க ஓர் இடம், ஒரு கழிப்பறை. ஜமாஅத்தாரே, ஸகாத் நிதி யாருக்கு? முறைப்பாட்டைக் கிழித்துவிட்டு அதைப் பேசுவோம்.